திருட்டில்லா நாட்கள்: 99

வேலூரிலேயே தொடர்ந்து குடியிருப்பதா, அல்லது ஊருக்கு வெளியே பாதுகாப்பான பகுதி ஒன்றுக்குக் குடிபெயர்வதா என்னும் பொருள், சென்ற பிப்ரவரி மாதம் ஒரு வியாழக்கிழமை காலை ஆறரை மணிக்கு எங்கள் குடும்பத்தின் பரிசீலனைக்கு வந்தது. அப்போதுதான் எங்கள் வீட்டு கேட்டைக் காணவில்லை என்பதைக் கவனித்தோம்.

கேட்டில் போட்டிருந்த பூட்டும் சங்கிலியும் மட்டும் தரையில் பத்திரமாக இருந்தன. என் கணவர் இன்பராஜ் குனிந்து பூட்டை எடுத்தார். இரண்டு முறை இழுத்துப் பார்த்தார். திறக்கவில்லை.

"பாத்தியா ஷர்மி, பூட்டு எவ்ளோ ஸ்ட்ராங்குன்னு."

"பூட்டு இருக்குது. எதைப் பூட்டறது?"

அவர் பூட்டைத் துடைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

முழு உண்மையையும் சொல்வதானால், திருடன் மேல் எனக்கு அவ்வளவாகக் கோபம் இல்லை. இன்பராஜ் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் கம்ப்ளையன்ஸ் மேனேஜர். வெளிநாட்டு வியாபாரிகளுக்குக் காட்டுவதற்கென்று செய்கிற சாம்பிள் ஷூவை அங்கே ஒற்றைக் காலுக்குத்தான் செய்வார்கள். ஜோடியாகச் செய்தால் யாராவது மாட்டிக்கொண்டு போய்விடுவார்களாம். அப்படிப்பட்ட ஆறு இடது கால் ஷூக்களை அவர் வீட்டுக்குக் கொண்டுவந்து வாசலில் வரிசையாக வைத்திருந்தார். செவ்வாய்க்கிழமை அவை போய்விட்டன. எடுத்தவன் வீட்டுக்குப் போய் மூட்டையைப் பிரித்துப் பார்த்திருக்கிறான். ஆறும் இடது கால். புதன்கிழமை வலது காலைத் தேடிக்கொண்டு மறுபடி வந்திருக்கிறான். அப்படி ஒன்று உலகத்திலேயே இல்லை என்று தெரிந்ததும், ஆறு ஷூவையும் வாசலில் வீசிவிட்டு, வந்து போன செலவுக்கு கேட்டைக் கழற்றிக்கொண்டு போய்விட்டான். முதலில் ஏமாற்றியது நாங்கள்.

இருந்தாலும் குடிமக்களின் கடமை என்று ஒன்று இருக்கிறதே. பத்து மணிக்கு ஸ்டேஷனுக்குப் போனோம். எஸ்.ஐ. சூரியபிரகாஷ் இளவயதுக்காரர், மிகவும் மரியாதையானவர். நாற்காலி போடச் சொல்லி, டீ வரவழைத்து, அதன் பிறகுதான் ஆரம்பித்தார்.

"கேட்டு சாத்தியிருந்துதா மேடம், தொறந்திருந்துதா?"

"சாத்திப் பூட்டியிருந்தது."

"பூட்டை உடைச்சானா?"

இன்பராஜ் பெருமையோடு பூட்டை எடுத்து மேஜை மேல் வைத்தார்.

"அப்ப பூட்டை உடைச்சுத் திருடினதா எழுத முடியாது" என்றார் எஸ்.ஐ. "சுவர் ஏறிக் குதிச்சானா?"

"கேட்டையே எடுத்துட்டான் சார். அப்புறம் எதுக்குக் குதிக்கணும்? நடந்துதான் வந்திருப்பான்."

"நடந்து வந்தான்னா அத்துமீறல்ல வராது. வழி தொறந்து கெடந்திருக்குது. சரி, ஷூ எத்தனை ஜோடி?"

"ஆறு. எல்லாமே இடது கால்."

எஸ்.ஐ. பேனாவைக் கீழே வைத்தார். "ஷூன்னா ஜோடி மேடம். அரை ஜோடிக்கு ஃபாரத்துல எடமில்ல. அதுவும் திருப்பிக் குடுத்துட்டான்னு சொல்றீங்க. அந்த அளவுக்கு யோக்கியமா இருந்திருக்கான்."

பிறகு மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு பெரிய சார்ட்டை எடுத்து விரித்தார். எங்கள் ஸ்டேஷன் எல்லைக்குட்பட்ட தெருக்கள் அத்தனையும் அதில் இருந்தன. எல்லாவற்றுக்கும் நேராகப் பூஜ்யம். எங்கள் தெருவுக்கு நேராக மட்டும் பதினொன்று, சிவப்பு மையில்.

"மூணு மாசத்துல பதினொரு மனு. உங்க பக்கத்து வீட்டு பில்கிஸ் பானு ஒருத்தங்களே நாலு."

"நாலு தடவை திருடு போச்சு சார்."

"போகட்டும் மேடம். நாலு தடவையுமா வந்து சொல்லணும்? மேல கேக்குறாங்க, அந்தத் தெருவுல குற்றம் இவ்ளோ ஜாஸ்தியா ஏன் நடக்குதுன்னு. மத்த தெருவெல்லாம் பாருங்க. அங்க திருட்டு இல்லாமலா இருக்குது? அந்த ஜனங்களுக்குப் பொறுமை இருக்குது. நீங்களும் கொஞ்சம் கம்மி பண்ணிக்கணும்."

"திருட்டையா சார்?"

"கம்ப்ளெயின்ட்டை."

ஆனாலும் நல்ல மனிதர். மனுவை வாங்கிக்கொண்டு ரசீது கொடுத்தார். சார்ட்டில் பதினொன்றை அடித்துவிட்டுப் பன்னிரண்டு என்று எழுதினார். மறுநாளே நடவடிக்கையும் எடுத்தார். எங்கள் தெரு முனையில் சிவப்பு நிறத்தில் ஒரு போர்டு நட்டார்கள். 'எச்சரிக்கை! இப்பகுதியில் திருடர்கள் நடமாட்டம் அதிகம்.' அடுத்த ஞாயிறு, தெருக் கடைசி வீட்டுக்குப் பெண் பார்க்க வந்தவர்கள் அதைப் படித்துவிட்டு, மாப்பிள்ளையைக் காருக்குள்ளேயே காவலுக்கு உட்கார வைத்துவிட்டு மற்றவர்கள் மட்டும் உள்ளே போனார்கள்.

அந்தப் போர்டைப் பார்த்த பிறகு இன்பராஜால் இருப்புக்கொள்ள முடியவில்லை. ஏற்கெனவே வேலூரில் இப்போது யாரைப் பார்த்தாலும் சௌக்கியமா என்று கேட்பதில்லை. எந்த லேஅவுட் என்று கேட்கிறார்கள். ஊருக்குள் குடியிருக்கிறேன் என்று சொன்னால், ஐயோ பாவம், உடம்புக்கு என்ன என்பது போல ஒரு பார்வை. இன்பராஜோடு வேலை செய்கிற மேனேஜர்கள் எல்லாரும் போய்விட்டார்கள். ஒருவர் 'ஹில் வியூ'வில் இருக்கிறார், ஒருவர் 'லேக் பிரீஸ்'இல் இருக்கிறார். இவர் கண் வைத்திருந்தது பள்ளிகொண்டாவைத் தாண்டி இருக்கிற 'பாலார் ரிவர் வியூ என்கிளேவ்'. பாலாற்றில் ஒரு காலத்தில் தண்ணீர் இருந்ததாம். அப்புறம் மணல் இருந்ததாம். இப்போது வியூ மட்டும் மிச்சம்.

இதில் ஒரு சிறு சிக்கல். வேலூர் வீடு என் பெயரில் இருக்கிறது. அதை விற்றால்தான் அங்கே வில்லா. என் கையெழுத்து இல்லாமல் விற்க முடியாது. விற்றுவிட்டால் பிறகு அந்தப் பணத்துக்கு வேலூருக்குள் ஸ்கூட்டர் நிறுத்துகிற இடம்கூடத் திரும்பக் கிடைக்காது. எனக்கு மார்க்கெட் நடை தூரம், கோவில் நடை தூரம், பஸ் ஸ்டாண்ட் நடை தூரம். ரிவர் வியூவில் கொத்துமல்லி வேண்டுமென்றால் டோல்கேட் தாண்ட வேண்டும்.

"வந்து பாரு. பாத்துட்டு அப்புறம் பேசு" என்றார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அப்படியே காரில் போனோம்.

வாசலில் நான்கு காவலாளிகள். பெயர், தகப்பனார் பெயர், ஆதார், ரத்த வகை, வந்த நோக்கம் எல்லாம் எழுதி வாங்கினார்கள். நோக்கம் என்ற இடத்தில் 'பயம்' என்று எழுதினேன். யாரும் படிக்கவில்லை. உள்ளே போனதும் இன்பராஜ் காரை நிறுத்திவிட்டு இறங்கி நின்றுவிட்டார்.

எதிரே பச்சை நிறத்தில் ஆளுயரப் போர்டு. 'திருட்டில்லா நாட்கள்: 1127.'

கம்பெனிகளில் இந்த மாதிரி போர்டைப் பார்த்திருப்பீர்கள். 'விபத்தில்லா நாட்கள்' என்று வாசலிலேயே வைத்திருப்பார்கள். ஆடிட்டுக்கு வருகிற வெள்ளைக்காரர்கள் முதலில் பார்ப்பது அதைத்தான். இன்பராஜின் உத்தியோகமே அந்த எண் குறையாமல் பார்த்துக்கொள்வது. தையல் மெஷினில் ஒரு பெண்ணின் விரலில் ஊசி ஏறினால் அது விபத்து இல்லை, முதலுதவி. கட்டிங் மெஷினில் நகம் போனால் விபத்து இல்லை, தனிப்பட்ட காரணத்துக்காக விடுப்பு. ஐந்நூறாவது நாளில் எல்லாருக்கும் ஸ்வீட் பாக்ஸ். இருபது வருடமாக அப்படி ஒரு போர்டைத் தன் கையால் காப்பாற்றி வந்தவர், இன்னொருவருடைய போர்டைப் பார்த்தால் சந்தேகப்படுவார் என்றுதான் நீங்கள் நினைப்பீர்கள். நானும் நினைத்தேன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஆயிரத்து நூத்தி இருபத்தேழு ஷர்மி! எங்க கம்பெனிலயே அறுநூறு தாண்டினதில்ல!"

அந்தப் போர்டை நிறுவியவர், குடியிருப்போர் நலச் சங்கத்தின் செயலாளர் சாமிநாதன். ரிட்டையரான சேஃப்டி ஆபீசர். ஆம்பூரில் இன்பராஜுக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவரே அவர்தான். வெள்ளைத் தொப்பி போட்டுக்கொண்டு வந்து எங்களை வரவேற்றார்.

"எல்லாம் சிஸ்டம் மேடம்" என்றார். "சிஸ்டம் சரியா இருந்தா திருடன் தானா அடங்கிடுவான்."

அவர்கள் இருவரும் சிஸ்டத்தைச் சுற்றிப் பார்க்கப் போனார்கள். எனக்குத் தாகம். பக்கத்து வில்லாவில் மணியடித்தேன். சோபனா என்ற பெண் கதவைத் திறந்து, உள்ளே கூப்பிட்டுத் தண்ணீர் கொடுத்தாள். ஹாலில் சுவரில் ஒரு பெரிய நீள்சதுரம் மட்டும் வெளுக்காமல் இருந்தது. அதைப் பார்த்தபடி சோபாவில் அவள் மாமியார் உட்கார்ந்திருந்தார்.

"டி.வி. ரிப்பேரா?" என்றேன்.

"இல்லீங்க. இடமாற்றம்."

"எந்த ரூமுக்கு?"

"அது தெரியலீங்க. யாரோ வந்து மாத்திட்டாங்க."

நான் டம்ளரைக் கீழே வைத்தேன்.

"போன வருஷம் ஸ்கூட்டி இடமாறுச்சு. தீபாவளி சமயத்துல செயின் இடமாறுச்சு" என்றாள் சோபனா, ரேஷன் சாமான் பட்டியல் சொல்கிற குரலில்.

"செயின் எங்கேர்ந்து இடமாறுச்சு?"

"கழுத்துலேர்ந்துங்க."

சங்க அலுவலகத்தில் 'பொருள் இடமாற்றப் பதிவேடு' என்று ஒன்று இருக்கிறதாம். அதில் எழுதிக் கையெழுத்துப் போட்டால் விஷயம் முடிந்தது. திருட்டு என்ற சொல்லை அந்த வளாகத்துக்குள் எழுத்திலோ பேச்சிலோ பயன்படுத்துவது சங்க விதிகளுக்கு முரணானது.

"போலீஸுக்குப் போகலியா?"

"போனேங்க. இந்த லேஅவுட்டுல கெழக்குப் பாதி ஒரு ஸ்டேஷன், மேக்குப் பாதி இன்னொரு ஸ்டேஷன். நடுக்கோடு தண்ணி டேங்க் மேல போவுது. நான் டேங்க் கிட்ட வாக்கிங் போய்க்கிட்டு இருந்தேன். என் கழுத்து கெழக்கால இருந்துது, அவன் மேக்கால நின்னு இழுத்தான். கழுத்து எங்களுது, கை அவங்களுதுன்னு இங்க சொன்னாங்க. கை எங்களுதுதான், ஆனா பொருள் இருந்த எடம் அவங்களுதுன்னு அங்க சொன்னாங்க. அளக்குறதுக்கு சர்வேயரைக் கூட்டிட்டு வரச் சொன்னாங்க."

"சர்வேயர் வந்தாரா?"

"வந்தாருங்க. டேப்பை டேங்க் கிட்ட வெச்சுட்டு டீ குடிக்கப் போனாரு. டேப்பு இடமாறிடுச்சு."

"இத்தனைக்கும் பிறகு போர்டுல எப்படி ஆயிரத்து சொச்சம்?"

சோபனா குரலைத் தாழ்த்தினாள். "ஆயிரமாவது நாளுக்கு எல்லா வீட்டுக்கும் ஹாட் பாக்ஸ் குடுத்தாங்க. ரெண்டாயிரத்துக்கு குக்கர்னு சொல்லியிருக்காங்க. என் ஒருத்தியால எழுபத்திரெண்டு வீட்டுக்கு குக்கர் போச்சுன்னா என்னை இங்க இருக்க விடுவாங்களா? ஹாட் பாக்ஸ் காட்டட்டுங்களா? நல்ல குவாலிட்டி."

உள்ளே போய்த் தேடிவிட்டு வெறுங்கையோடு வந்தாள்.

திரும்பி வரும்போது காரில் இதையெல்லாம் இன்பராஜிடம் சொன்னேன். அவர் அசரவே இல்லை.

"திருட்டு எங்கதான் இல்ல ஷர்மி? ஆனா இங்க அதை மேனேஜ் பண்றாங்க. பதிவேடு வெச்சிருக்காங்க. நம்ம தெருவுல என்ன இருக்குது? வெறும் திருட்டு மட்டும்தான் இருக்குது."

இந்த மாதிரி ஒரு மனிதரோடு என்ன பேசுவது? அடுத்த பத்து நாளில் அவர் வேகமாக வேலை செய்தார். புரோக்கர் மூலம் வீட்டுக்கு ஒரு ஆளும் பிடித்துவிட்டார். வாங்குகிறவர் பேரம் பேசவில்லை, வீட்டைக்கூடப் பார்க்க வேண்டாம் என்றுவிட்டாராம். சனிக்கிழமை பதினோரு மணிக்கு நேரில் வருகிறார், அன்றைக்கே ஒப்பந்தத்தில் நான் கையெழுத்துப் போட வேண்டும். "நல்லவரு, தோல் லைன்ல இருந்தவரு" என்றார் இன்பராஜ். "புரோக்கர் பேரைச் சொல்ல மாட்டேன்றான், கமிஷன் போய்டும்னு பயம்." மேஜை மேல் பேனாவைத் திறந்தே வைத்திருந்தார்.

பதினோரு மணிக்கு ஆட்டோவிலிருந்து இறங்கியவர், வெள்ளைத் தொப்பி போட்ட சாமிநாதன்.

"வாங்க சார், வாங்க!" என்று இன்பராஜ் ஓடினார். "நீங்க எதுக்கு சார் இவ்ளோ தூரம்? வீடு வாங்க வர்றவரு இன்னும் வரலை. உக்காருங்க."

"வந்துட்டாருப்பா" என்றார் சாமிநாதன். "நான்தான்."

நாற்காலியை இழுத்துக்கொண்டிருந்த இன்பராஜ் நிமிர்ந்தார்.

"சார், அங்க இன்னைக்கு 1140 ஆச்சே சார்!"

"ஆச்சு இன்பராஜ். நான்தான் காலைல மாத்திட்டு வந்தேன்." சாமிநாதன் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "திங்கக்கிழமை எங்க வீட்டு வாஷிங் மெஷின் போச்சு. துணியோட போச்சு. நானே என் கையால பதிவேட்டுல 'இடமாற்றம்'னு எழுதினேன். அதுலேர்ந்து என் சம்சாரம் என்கிட்ட பேசறதில்ல. மூணு வருஷமாச்சுப்பா, திருடன்னு வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லி. நெஞ்சுல அடைச்சுக்கிச்சு. இப்ப உங்க தெரு முனையில அந்த போர்டைப் பாத்தேன். 'திருடர்கள் நடமாட்டம்'. அப்படியே கொட்டை எழுத்துல எழுதி வெச்சிருக்காங்க! மூணு மாசத்துல பன்னெண்டு கம்ப்ளெயின்ட் வாங்கியிருக்காங்களாமே மேடம்? ரசீதுகூடக் குடுக்கறாங்களாமே?"

"குடுக்கறாங்க சார்."

"அந்த ரசீதைக் கொஞ்சம் காட்ட முடியுமா?"

எடுத்துக் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கி, வாய்விட்டுப் படித்தார். 'மனுதாரர் வீட்டு கேட் திருடு போனதாக' என்ற இடத்தில் குரல் தழுதழுத்தது.

நான் பேனாவை மூடினேன். "வீடு விற்பனைக்கு இல்லை சார். காபி சாப்பிட்டுட்டுப் போங்க."

கதை இங்கேயே முடிந்திருந்தால் நான் புத்திசாலி என்று பெயர் வாங்கியிருப்பேன். ஆனால் இன்பராஜ் இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாவது நாள் ஆம்பூரிலிருந்து கம்பெனி பஸ்ஸில் ஒரு பெரிய பார்சலோடு இறங்கினார். பிரித்தால், பச்சை நிறத்தில் ஆளுயரப் போர்டு.

"சரி ஷர்மி. வேலூர்லயே இருக்கலாம். ஆனா ஒரு கண்டிஷன். நம்ம தெருவுல இது நூறு நாள் தாண்டணும். நடுவுல ஒரு நாள் ஜீரோ ஆச்சுன்னா, நீ மறுபேச்சு பேசாம கையெழுத்துப் போடணும். நான் ஃபாக்டரிக்குப் போய்டறேன், நீ வீட்ல சும்மாதானே இருக்கே, நீதான் இன்சார்ஜ்."

சும்மா என்ற சொல்லுக்குத் தனியாகப் பதில் சொல்லிக்கொள்ளலாம் என்று, மற்றதற்கு மட்டும் சரி என்றேன். நூறு நாள் என்ன பெரிய விஷயம்? வீடு என்னுடையது, தெரு என்னுடையது.

எஸ்.ஐ. சூரியபிரகாஷுக்கு ஒரே சந்தோஷம். சிவப்புப் போர்டைத் தன் முன்னிலையில் பிடுங்க வைத்து, பச்சைப் போர்டைத் தானே நட்டு, "பொதுமக்களின் ஒத்துழைப்பு" என்று ஐந்து நிமிடம் பேசினார். எண்ணை மாற்றும் பொறுப்பு எனக்கு. தினமும் காலை ஏழு மணிக்கு ஸ்டூலைப் போட்டு ஏறி மாற்றுவேன். பால் வாங்க வருகிறவர்கள் நின்று பார்ப்பார்கள். உள்ளதைச் சொன்னால் எனக்கு அது பிடித்துத்தான் இருந்தது.

பதினேழாவது நாள் பில்கிஸ் ஓடிவந்தாள். "அக்கா, எங்க தண்ணி மோட்டாரைக் காணோம்!"

"நல்லா யோசிச்சுப் பாரு பில்கிஸ். மோட்டார் போன மாசமே சத்தம் போடுதுன்னு சொன்னியே."

"சொன்னேன்..."

"அப்ப அது ரிப்பேருக்குப் போயிருக்கு."

"யார்க்கா எடுத்துட்டுப் போனாங்க?"

"ரிப்பேர் பண்றவங்கதான். நம்ம தெருவுல வீட்டு விலை இப்பதான் ஏற ஆரம்பிச்சிருக்குது. கடைசி வீட்டுப் பொண்ணுக்கு மறுபடி மாப்பிள்ளை வர்றாங்க. நீ பாத்துச் சொல்லு, அது இன்னா மாதிரி போச்சுன்னு."

பில்கிஸ் போர்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "ரிப்பேருக்குத்தான்கா" என்றாள்.

இடமாற்றம் என்ற சொல்லை நான் பயன்படுத்தவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அது பொய். எங்கள் தெருவில் பொருட்கள் 'பராமரிப்பில் உள்ளன'. ஒரு நோட்டுப் போட்டு அப்படித்தான் எழுதினேன். நாற்பத்து மூன்றாவது நாள் ஒரு வாத்தியாரின் சைக்கிள் போயிற்று. ஓடுவது சைக்கிளின் இயல்பு என்று தீர்ப்புச் சொன்னேன். அறுபத்தெட்டாவது நாள் கால்வாய் மேலிருந்த இரும்பு மூடியை யாரோ எடுத்துவிட்டார்கள். அது மாநகராட்சியின் சொத்து, நம் கணக்கில் வராது என்றேன். அன்று மாலை அதே வாத்தியார் அந்தக் கால்வாயில் விழுந்து காலைச் சுளுக்கிக்கொண்டார். அது விபத்து. அதற்கு வேறு போர்டு.

ஸ்டேஷன் சார்ட்டில் எங்கள் தெருவுக்கும் பூஜ்யம் வந்துவிட்டது. நூறாவது நாளன்று மேலதிகாரி ஒருவர் வந்து எஸ்.ஐ.க்கும் எனக்கும் கேடயம் கொடுப்பதாக ஏற்பாடு. இன்பராஜ் வீட்டில் விசில் அடித்துக்கொண்டு நடமாடினார். ரிவர் வியூ பேச்சையே விட்டுவிட்டார்.

தொண்ணூற்றொன்பதாவது நாள், காலை பதினோரு மணி. கீரை வாங்கிக்கொண்டு திரும்பினால், எங்கள் ஹாலிலிருந்து ஒரு ஆள் இன்வெர்ட்டர் பாட்டரியைத் தூக்கிக்கொண்டு வருகிறான். நாற்பது வயது இருக்கும். சுத்தமாகச் சவரம் செய்து, சட்டையை டக் பண்ணியிருந்தான்.

"ஏய், யாருப்பா நீ?"

அவன் பதறவில்லை. பாட்டரியை மெதுவாகக் கீழே வைத்து மூச்சு வாங்கினான். "கனம் ஜாஸ்திம்மா இது."

"கத்துவேன்!"

"கத்துங்கம்மா, நான் வேணாம்னு சொல்லல. ஆனா வெளிய தொண்ணூத்தொம்போது போட்டிருக்குது. நாளைக்கு ஃபங்ஷன்னு பந்தல்கூட கட்டறாங்க. நீங்களே யோசிச்சு செய்யுங்க."

"போர்டைப் பாத்துமா உள்ள வந்தே?"

"போர்டைப் பாத்துத்தாம்மா வர்றோம்! போர்டு இல்லாத தெருவுல ஒரே பேஜாரு. சின்னதா ஒரு குண்டா எடுத்தாக்கூட கம்ப்ளெயின்ட் குடுத்துடறாங்க. போர்டு இருக்குற எடத்துல மரியாதை இருக்குது. முன்ன ரிவர் வியூவுலதான் இருந்தேன். நல்ல ஜனங்க. பொருளு தீந்துபோச்சு."

"நாளன்னிக்கு வாயேன்பா" என்றேன். இதை நான்தான் சொன்னேன்.

அவன் வருத்தத்தோடு தலையாட்டினான். "நாளன்னிக்கு நூத்தியொண்ணு ஆயிடும்மா. அப்ப உங்களுக்கு தைரியம் வந்துடும்."

நான் வாயைத் திறந்தேன். ஒரே ஒரு கத்தல். எஸ்.ஐ. ஓடிவருவார், மனு எழுதுவார், போர்டில் பூஜ்யம். மாலை ஆறு மணிக்கு இன்பராஜ் பேனாவைத் திறந்து மேஜை மேல் வைப்பார். அப்புறம் ஆயுள் முழுக்கக் கொத்துமல்லிக்கு டோல்கேட். பாட்டரிதானே? ஐந்து வருடம் பழசு.

வாயை மூடிக்கொண்டு, நிலைப்படியில் இடித்துக்கொள்ளாமல் இருக்கக் கதவை அகலமாகத் திறந்து பிடித்தேன்.

"தேங்க்ஸ்மா" என்று அவன் தூக்கிக்கொண்டு படியிறங்கினான். அந்த நேரம் பார்த்து பில்கிஸ் தன் வாசலுக்கு வந்தாள். அவனைப் பார்த்தாள். பாட்டரியைப் பார்த்தாள்.

"மெக்கானிக்" என்றேன். "சர்வீஸுக்கு எடுத்துட்டுப் போறாரு."

"தெரியும்க்கா" என்றாள் பில்கிஸ், என் முகத்தைப் பார்க்காமல். "காலைல எங்க வீட்டுக்கும் வந்தாரு. ஃபிரிட்ஜை எடுத்துட்டுப் போனாரு. நல்ல மனுஷன், உள்ள இருந்த சாமானெல்லாம் எடுத்து வெச்சுக் குடுத்துட்டுத்தான் போனாரு."

அவன் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு வணக்கம் வைத்துவிட்டு, பச்சைப் போர்டைத் தாண்டி நிதானமாகத் திரும்பினான்.

"நாளைக்கு ஃபங்ஷனுக்கு நல்லா டிரஸ் பண்ணிக்கிட்டு வா பில்கிஸ்" என்றேன். "ஃபோட்டோ எடுப்பாங்க. நகையெல்லாம் தைரியமா போட்டுக்க. நம்ம தெருவுல என்ன பயம்?"

"அதுவும் பாலிஷுக்குக் குடுத்திருக்கேன்க்கா" என்றாள். "அவருகிட்டதான்."